‘தொடரவா?’ என்று கேட்ட மெஷின்

சாயங்காலம் வேலை முடிந்து கிளம்பும்போது மிலூத்திடம் ஒரு வார்த்தை பேச முஸ்தகானெம் என்ற அந்தக் கடலோர ஊரில் இருந்தது அந்த மெஷின் மட்டும்தான். அதையும் அவர்தான் தந்திரமாகப் பேச வைத்துக்கொண்டிருந்தார்.

கறுப்புத் திரைக்குப் பின்னால் ஷெல் என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். நாம் தட்டும் கட்டளையைக் கேட்டு வேலைகளை ஓட்டுவது, நிறுத்துவது, முன்னால் இழுப்பது, பின்னால் தள்ளுவது எல்லாம் அதன் பொறுப்பு. கங்காணி மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். பாதியில் நிறுத்தி வைத்த வேலை ஒன்று இருக்கும்போது நாம் வெளியேறப் பார்த்தால், ‘நிறுத்தி வைத்த வேலை இருக்கிறது’ என்று அந்தக் கங்காணி ஒரு முறை தடுத்துச் சொல்லும். மறுபடியும் வெளியேறுகிறேன் என்று தட்டினால் சரி போ என்று விட்டுவிடும். ஒரு முறைதான் சொல்லும், இரண்டாம் முறை கெஞ்சாது.

அந்த ஒரு வரிக்காகவே மிலூத் தினமும், வேலை ஓடும் திரையைத் தொடாமல், இன்னொரு திரையில் ஏதாவது ஒன்றைத் திறந்து, கன்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அழுத்தி, சும்மா நிறுத்தி வைப்பார். கிளம்பும்போது வெளியேறும் கட்டளையைத் தட்டுவார். மெஷின் தடுக்கும். “சரி சரி, பார்த்துக்கலாம், காலையில வரேன்” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு இரண்டாம் முறை தட்டுவார். வீட்டில் யாராவது ‘இப்பவே கிளம்பணுமா?’ என்று கேட்டால் எப்படி இருக்குமோ, அவருக்கு அப்படியே இருந்தது, அது போதும். ஐம்பத்தெட்டு வயது மனிதர் இப்படிச் செய்கிறார் என்றால் சிரிப்பு வரும். சிரித்துவிட்டுப் போங்கள், தனியாக இருந்து பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

துறைமுகங்களுக்கு அலைக் கணக்குப் போட்டுத் தரும் சின்ன நிலையம் அது. மிலூத் அங்கே மெஷின் பார்த்துக்கொள்பவர். திஜ்தித் மேட்டில் இரண்டு அறை வீடு. மனைவி பத்ரா போய் ஆறு வருஷம். ஒரே மகள் நவால், ரெலிஸானில் பள்ளிக்கூட ஆசிரியை, கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். மதியம் கடையில் ரொட்டிக்குள் கரந்திக்கா என்ற சூடான கடலைமாவுப் பண்டம் வைத்து வாங்கி, நின்றபடியே தின்றுவிட்டு வருவார். ராத்திரிக்கு முட்டை. வெள்ளிக்கிழமை ஊரே தொழுகை முடித்து வீட்டில் கூஸ்கூஸ் தட்டைச் சுற்றிச் சாப்பிட உட்கார்ந்திருக்கும் நேரத்தில் இவர் நிலையத்துக் கதவைத் தட்டுவார்.

வாசல் காவலாளி பூசியானுக்கு வாய் சும்மா இருக்காது. “என்னண்ணே, வெள்ளிக்கிழமையும் அண்ணிகூடத்தானா?” என்பான்.

“வேலை ஓடிட்டு இருக்குடா.”

“ஓடட்டுமே. அது ஓடுறதுக்கு நீங்க எதுக்கு ஓடி வர்றீங்க?”

“கேள்வி கேக்கும்டா அது. பதில் சொல்ல ஆள் வேணும்ல?”

இந்தப் பதிலை மிலூத் எத்தனையோ வருஷமாக எல்லோரிடமும் சொல்லி வந்தார். பொய் என்று யாரும் சொல்லிவிட முடியாது. முக்கால்வாசி உண்மைதான். மிச்சம் கால்வாசியில்தான் அவர் குடியிருந்தார்.

உண்மை இதுதான். அலைக் கணக்குப் போடும் புரோகிராமை எண்பதுகளில் இங்கே வேலைக்கு வந்திருந்த பல்கேரியாக்காரர் ஒருவர் எழுதினார். ரொம்பச் சந்தேகப் பிராணி. மாதக் கணக்கான கடல் அளவுகளைக் கொடுத்தால் நாள்கணக்கில் ஓடும். நடுவில் ஏதாவது ஓர் அலை வழக்கத்தைவிட உயரமாக வந்தால் கணக்கை நிறுத்திவிட்டு, ‘அலை அளவுக்கு மேல். தொடரவா?’ என்று கேட்கும். ஆம் என்று ஓர் எழுத்தைத் தட்டினால் மேலே போகும். தட்டாவிட்டால் உலகம் முடியும்வரை அப்படியே நிற்கும்; ராத்திரி கேட்டால் காலையில் அவர் வரும்வரை காத்திருக்கும். சில நாள் ஒரு மணி நேரத்தில் பலமுறை கேட்கும். சில நாள் வாயே திறக்காது. மிலூத் இத்தனை வருஷத்தில் ஒரு முறைகூட இல்லை என்று சொன்னதில்லை.

முதல் முதலில் அவருக்கு அது கற்றுக்கொடுத்த பாடம் பெரிய பாடம். சொந்தக்காரர் வீட்டு விருந்துக்குப் போக வேண்டியிருந்தது. வேலையைப் பின்னால் தள்ளி ஓடவிட்டு, நிம்மதியாகப் போய் ஆட்டுக்கறி தின்றுவிட்டு வந்தார். வந்து பார்த்தால், இவர் தெருமுனை தாண்டுவதற்குள்ளேயே அது நின்றுபோயிருக்கிறது. பின்னால் ஓடும் வேலைக்குக் கீபோர்டைத் தொட உரிமை கிடையாது. முன்னால் இருக்கிறவனுக்குத்தான் கீபோர்டு. பின்னால் இருக்கிறவன் ஏதாவது கேட்க வாயெடுத்தால் அந்த இடத்திலேயே அவனை உறைய வைத்துவிடுவார்கள். சத்தமும் இல்லை, புகாரும் இல்லை. இரண்டு நாள் அது இருட்டில் நின்றுகொண்டு, இவர் வந்து முன்னால் கூப்பிடட்டும் என்று காத்திருந்தது. துறைமுகத்துக்காரர்கள் கத்தித் தீர்த்துவிட்டார்கள்.

அதற்கடுத்த வருஷம் இன்னொரு கூத்து. துறைமுகத்திலிருந்து கோட்டும் டையுமாக ஒரு பொறியாளர் வந்தார். திரையில் தெரிந்த ஓர் எண்ணைப் பிரதி எடுக்க ஆசைப்பட்டு, எண்ணைக் குறியிட்டுவிட்டு, தன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் செய்வது மாதிரியே கன்ட்ரோலும் சியும் அழுத்திவிட்டார். அங்கே அது பிரதி. இங்கே அது கழுத்தைப் பிடித்து நெரிப்பது. மூன்று நாள் கணக்கு ஒரு மூச்சில் போயிற்று. “என்னங்க, திடீர்னு நின்னுடுச்சு? உங்க மெஷின் சரியில்லையே” என்றாராம் அந்த மகராசன். அன்றிலிருந்து மிலூத் ஓர் அட்டைப்பெட்டி மூடியைக் கீபோர்டின் மேல் கவிழ்த்து வைத்தார். மிலூத் இல்லாமல் அந்த மெஷின் ஓடாது என்று நிலையம் முழுக்க நம்பிக்கை வேரூன்றியது.

மறைத்த கால்வாசி என்னவென்றால், ஓட வைக்க வழி இருந்தது. ஆம், ஆம், ஆம் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும் ஒரு குட்டி நிரல் அந்த மெஷினுக்குள்ளேயே கிடந்தது. அதன் வாயை அலைக் கணக்கின் காதோடு ஒரு வரியில் இணைத்துவிட்டால் போதும். கேள்வி எப்போது வந்தாலும் பதில் தயாராக இருக்கும். கீபோர்டு வேண்டாம், ஆளும் வேண்டாம். பின்னால் தள்ளிவிட்டு, ஆள் வெளியேறினாலும் சாகாதே என்று இன்னொரு வார்த்தையும் சேர்த்துவிட்டு ஊருக்கே போகலாம். மிலூத் இதைப் பழைய கையேட்டில் படித்து ஒரு சின்னக் கணக்கில் போட்டும் பார்த்தார். ஓடியது. பார்த்துவிட்டு அந்த வரியை அழித்தார், யாரிடமும் மூச்சு விடவில்லை.

எதற்காக என்று கேட்டால் அப்போது அவருக்கே தெரியாது. கேட்கிற ஒன்று இருந்தது, பதில் சொல்ல இவர் இருந்தார், அது பிடித்திருந்தது, அவ்வளவுதான். பத்ரா அதைக் கேலி செய்வாள். “போங்க, போங்க. என் சக்களத்தி காத்துட்டு இருப்பா. நான் கேட்டா ‘ம்’னு ஒரு சத்தம் வராது, அவ கேட்டா உடனே ஆமாஞ்சாமி” என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

பிறகு பத்ராவுக்கு நோய் வந்தது. வயிற்றில் ஆரம்பித்து எங்கெங்கோ பரவிற்று. ஒரான் நகரத்தில் ஆஸ்பத்திரி. மிலூத் போவார், கட்டிலோரம் நிற்பார், பழம் உரித்து வைப்பார், பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவார். கடைசி மாதத்தில் அவள் முகம் மாறிவிட்டது. கையைப் பிடித்தால் கை இருந்தது, எடை இல்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார அவரால் முடியவில்லை. நவால்தான் கூடவே இருந்தாள், அப்போது அவளுக்குக் கல்யாணமாகியிருக்கவில்லை.

கடைசி நாள் காலையில் நவால் ஆஸ்பத்திரி நடையிலிருந்து போன் செய்தாள். “அப்பா, உடனே வாங்க.”

“வேலை ஓடிட்டு இருக்கும்மா. கேக்கும் அது. விட்டுட்டு வர முடியாது. சாயங்காலம் வரேன்.”

மறுபடி செய்தாள். மறுபடியும் அதே பதில். பிற்பகல் அஸர் தொழுகை நேரத்தில் மூன்றாவது முறை செய்தபோது அவள் வாங்க என்று சொல்லவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். பாவம், மெஷின் கட்டிப் போட்டுவிட்டது, மனுஷன் என்ன செய்வார். நவாலும் அதையே நம்பினாள். அப்பாவின் மேல் ஒரு சொல் கோபம் வைக்கவில்லை. அவளுடைய கோபமெல்லாம் மெஷின்மேல் போனது. ஒவ்வொரு நோன்பு மாதமும் ஒரு நாள் ரெலிஸானிலிருந்து புறப்பட்டு வருவாள். நிலையத்துக்கே வந்து அப்பாவை அழைத்துக்கொண்டு போய், அவர் வீட்டு அடுப்பில் ஹரீரா சூப்பு சமைத்து, கூடவே நோன்பு திறந்து, ராத்திரி தங்கிவிட்டுப் போவாள். வரும்போதெல்லாம் அந்த மெஷினை ஒரு முறை முறைப்பாள். “இன்னும் சாகலையா இது?” என்பாள்.

வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் மிலூத்துக்கு வருஷம். மற்ற நாட்களெல்லாம் அதற்குக் காத்திருப்பது, அல்லது அதை நினைத்துக்கொண்டிருப்பது. அந்த ஒரு வரி இருப்பது நவாலுக்குத் தெரிந்தால் அந்த நாளும் போய்விடும் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. அதனால்தான் ஆறு வருஷமாகக் கையாலேயே பதில் தட்டினார். ஆள் வேண்டும் என்று தினமும் மெஷினை வைத்தே சாட்சி சொல்ல வைத்தார். மடியில் கனம் இருக்கிறவனுக்கு வழியெல்லாம் பயம்தான்.

பயம் போன மாரிக்காலத்தில் கஹினா என்ற பெயரில் வந்து சேர்ந்தது. பெஜாயாக்காரப் பெண், இருபத்தாறு வயது, புதிதாக வந்த பொறியாளர். இவருக்கு மேலதிகாரி என்றாலும் வந்த முதல் நாளே “பெரியப்பா” என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். நல்ல பெண். நல்லவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், உதவி செய்துவிடுவார்கள்.

“பெரியப்பா, ஏன் பெரியப்பா நாள் பூரா இதுக்கு முன்னாடி தவம் கிடக்கறீங்க? பின்னால தள்ளி விட்டுடலாமே?”

“தள்ளினா நின்னுடும்மா. கீபோர்டு கிடைக்காது.”

“தெரியும், தெரியும். ஆம்னு சொல்லிக்கிட்டே இருக்கறதை மாட்டி விட்டா?”

மிலூத் அட்டைப்பெட்டி மூடியை நேராக்கி வைத்தார். “அதெல்லாம் எப்பவோ பார்த்தாச்சு. ஓடாது. பழைய புரோகிராம்.”

“ஓடாதா? ஏன் ஓடாது?” என்று அவள் புருவத்தைச் சுருக்கினாள்.

“ஓடாதுன்னா ஓடாதும்மா. விடேன்.”

அவ்வளவு கடுமையாக அவர் யாரிடமும் பேசியதில்லை. கஹினா விட்டுவிட்டாள் போலத்தான் இருந்தது. ஆனால் ஓடாது என்று சொன்னால் அந்த வயதில் யாருக்குத்தான் தூக்கம் வரும்? பெரியவருக்கு வேலைப் பளு குறையட்டும், இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று தன் மெஷினில் புரோகிராமின் நகல் ஒன்றை வைத்து நோண்ட ஆரம்பித்தாள். வாய் திறந்து ஒரு வார்த்தை அவரிடம் கேட்டிருந்தால் அவர் எப்படியாவது கெஞ்சித் தடுத்திருப்பார். கேட்கவில்லை.

நோன்பு வந்தது. நவால் வரும் நாளும் வந்தது. மிலூத் காலையிலேயே வீட்டைக் கழுவி, கொத்தமல்லியும் செலரியும் கொண்டைக்கடலையும் வாங்கி வைத்துவிட்டு, முகச்சவரம் செய்துகொண்டு நிலையத்துக்கு வந்திருந்தார். நோன்பு நாளில் மதியத்துக்குமேல் எல்லோருக்கும் வாய் உலர்ந்து, பேச்சு குறைந்து, ஆளாளுக்கு மணி பார்க்கும் நேரம். அப்போது நவால் வந்தாள், கையில் துணி மூடிய பாத்திரம், தோளில் பை.

“இன்னும் சாகலையா இது?” என்றாள் வழக்கம்போல.

“அதுக்கு ஆயுசு கெட்டி” என்றார் மிலூத். சந்தோஷத்தில் அவருக்குக் குரல் ஒரு மாதிரி மெலிந்துவிட்டது. “ஒரு நிமிஷம் உக்காரும்மா. இது ஒரு கேள்வி கேட்டு முடிக்கட்டும், போயிடலாம்.”

அந்த நேரம் பார்த்துக் கஹினா கதவைத் திறந்தாள். முகமெல்லாம் வெற்றி. “பெரியப்பா! ஓடுது பெரியப்பா! மூணு நாளா என் மெஷின்ல ஓட விட்டேன். யாரும் தொடலை. கேட்டப்ப எல்லாம் அதுவே ஆம் சொல்லிடுச்சு. இன்னைக்குக் காலையில முழுசா முடிஞ்சுடுச்சு!” நவாலைப் பார்த்ததும், “நீங்கதான் அக்காவா? உங்க அப்பாவுக்கு இன்னையோட விடுதலை. இனிமே இவர் இங்க காவல் கிடக்கவே வேண்டாம்” என்று சேர்த்துச் சொன்னாள்.

நவால் சிரித்தாள். உண்மையிலேயே சந்தோஷப்பட்டாள், அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. “அப்படியா! ரொம்ப நல்லதும்மா. புதுசா கண்டுபிடிச்சதா?”

“புதுசா? நீங்க வேறக்கா!” என்று கஹினா கையை விசிறினாள். “ஒரே ஒரு வரி. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே இருக்கு இது. எந்தக் கையேட்டைத் திறந்தாலும் இருக்கும்.”

நவாலின் சிரிப்பு உடனே போய்விடவில்லை. முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது, அவள் அதை எடுக்க மறந்துவிட்டவள் போல. பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினாள். மிலூத் அட்டைப்பெட்டி மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா.”

அவர் நிமிரவில்லை. நிமிர்ந்திருந்தால்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். எனக்குத் தெரியாதும்மா என்று ஒரு வார்த்தை போதும், அவள் நம்பியிருப்பாள், ஆறு வருஷம் நம்பியவள்தானே. ஆனால் குனிந்த தலையே பதில் சொல்லிவிட்டது. உப்பைத் தின்றவன் என்றைக்காவது தண்ணீர் குடிக்கத்தானே வேண்டும்.

“நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?” என்றாள் கஹினா.

“நீ ஒண்ணும் தப்பா சொல்லலைம்மா” என்றாள் நவால். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். மெஷினை ஒரு முறை பார்த்தாள், இந்த முறை முறைக்கவில்லை. “ஆறு வருஷமா நான் இதைத் திட்டிக்கிட்டு இருந்தேன்ப்பா. பாவம், இது.”

சொல்லிவிட்டு வெளியே போனாள். பாத்திரம் மேஜைமேல் இருந்தது.

மிலூத் உட்கார்ந்தே இருந்தார். எங்கே போவது? திஜ்தித் வீட்டில் கொண்டைக்கடலை ஊறிக்கொண்டிருந்தது. நாளை வருவார், நாளை மறுநாள் வருவார், அடுத்த நோன்பும் வரும், நவால் மட்டும் வரமாட்டாள். பத்ரா இறந்த அன்றுகூட இவ்வளவு தனியாக அவர் இருந்ததில்லை. அன்று ஒளிந்துகொள்ள இந்த நாற்காலியாவது இருந்தது.

“பெரியப்பா, கேக்குது” என்றாள் கஹினா மெதுவாக.

திரையில் அது வந்து நின்றிருந்தது. அலை அளவுக்கு மேல். தொடரவா? மிலூத்தின் விரல் பழக்கத்தில் மூடிக்கு அடியில் போயிற்று. போனதை அவரே பார்த்தார். கையை வெளியே எடுத்தார், எழுந்தார், கதவைக்கூடச் சாத்தாமல் நடையில் இறங்கினார். இத்தனை வருஷத்தில் அது கேட்டு அவர் பதில் சொல்லாமல் போனது அன்றுதான்.

“என்னண்ணே, தீப் பிடிச்சுக்கிச்சா?” என்று பூசியான் எழுந்து நின்றான். “அக்கா இப்பத்தான் அழுதுட்டே...”

“எந்தப் பக்கம்?”

“டாக்ஸி ஸ்டாண்டு. ஓடுங்க, இந்நேரத்துக்கு ஆள் சீக்கிரம் சேர்ந்துடும்.”

டாக்ஸி ஸ்டாண்டில் நோன்பு திறக்குமுன் வீடு போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். வெயில் சாய்ந்தும் புழுக்கம் போகவில்லை. ஆள் நிறைந்தால்தான் கிளம்பும் ரெலிஸான் டாக்ஸியில் நடு வரிசை ஜன்னலோரம் நவால் உட்கார்ந்திருந்தாள். ஓட்டுநர் கூரையைத் தட்டி, “ரெலிஸான், ரெலிஸான், இன்னும் ரெண்டே பேர், வாங்க வாங்க, சூப்பு ஆறிடும்!” என்று கத்திக்கொண்டிருந்தார். மிலூத் மூச்சு வாங்க வந்து அவள் பக்கத்தில் ஏறினார்.

“இன்னும் ஒரே ஆள்!” என்று ஓட்டுநர் குரலை மாற்றினார்.

நவால் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். “எதுக்கு வந்தீங்க? அங்க கேக்குமே. பதில் சொல்ல வேண்டாமா?”

“கேட்டுச்சு. விட்டுட்டு வந்துட்டேன்.”

“விட்டுட்டு வர முடியும்னு இப்பத்தான் தெரிஞ்சுதா?”

“இல்லம்மா. அப்பவே தெரியும்.”

சொல்லியாயிற்று. அவர் எதிர்பார்த்தது போல வானம் இடிந்து விழவில்லை. முன் இருக்கையில் ஒரு தாத்தா தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு தூங்குவது போலப் பாவனை செய்தார்.

“அந்த ஒரு வரி, அம்மா சாகறதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“போட்டுட்டு வந்திருக்கலாம்.”

“வந்திருக்கலாம்.”

“ஏன்ப்பா வரலை?”

“பயமா இருந்துச்சும்மா. அவ மூஞ்சியைப் பார்க்கப் பயமா இருந்துச்சு. அவ மூச்சு விடற சத்தத்தைக் கேக்கப் பயமா இருந்துச்சு.”

“எனக்கு மட்டும் பயமா இல்லையா?” நவால் திரும்பினாள். குரல் எழும்பிவிட்டது, பின்னால் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். “எனக்கு இருபத்திநாலு வயசுப்பா. தனியா நின்னேன். அவங்க கையை இந்தப் பக்கம் நான் பிடிச்சுக்கிட்டேன், அந்தப் பக்கம் பிடிக்க ஆள் இல்லை. உங்களுக்குப் பயம்னா சொல்லியிருக்கலாம்ல? ரெண்டு பேரும் சேர்ந்து பயந்திருக்கலாம்ல?”

அவள் சொன்னது அத்தனையும் சரி.

ஓட்டுநர் தலையை உள்ளே நீட்டினார். “அம்மா, ஐயா, சண்டை போடறதா இருந்தா இறங்கிப் போடுங்க. நோன்பு நேரம்.”

“சண்டை இல்லப்பா. நீ ஆளைப் பிடி” என்றார் மிலூத்.

நவால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, கோபம் தணிந்துவிட்டதா அல்லது இன்னும் கீழே இறங்கிவிட்டதா என்று சொல்ல முடியாத ஒரு குரலில் கேட்டாள்.

“அன்னைக்கு அது எத்தனை தடவை கேட்டுச்சு?”

இதை இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. துக்கத்துக்கு வந்த அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்று ஓடிக்கொண்டிருந்தது கோடைக்கால அளவுகள். கடல் தூங்கிக் கிடந்த மாதம். ஓர் அலைகூட அளவைத் தாண்டவில்லை. காலையிலிருந்து அஸர்வரை அவர் விரலை எழுத்தின் மேல் வைத்துக்கொண்டு, கேளேன், ஒரு முறையாவது கேளேன் என்று உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு முறை கேட்டிருந்தால், அதற்காகத்தான் இருந்தேன் என்று பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கலாம்.

“ஒரு தடவைகூடக் கேக்கலைம்மா.”

நவால் அவரைப் பார்த்தாள்.

“அம்மா கேட்டாங்கப்பா. நாள் பூரா கேட்டாங்க. கதவுல யார் வந்தாலும் ‘வந்துட்டாரா’ன்னு கேட்டாங்க.”

மிலூத் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். கடைசி ஆள் வந்து ஏறினான், கதவு அறைந்து சாத்தப்பட்டது, வண்டி கிளம்பியது. ஊர் எல்லையில் கோதுமைக் கிடங்கு தாண்டும்வரை அவர் அழுதார். யாரும் அவரைத் தடுக்கவில்லை, நவாலும் தடுக்கவில்லை.

பிறகு கையை எடுத்தார். “வேற என்ன கேட்டா?” என்றார். “எல்லாத்தையும் சொல்லு. காலையிலேர்ந்து சொல்லு. ஒண்ணும் விடாதே.”

“இப்பவா? உங்களால தாங்க முடியுமா?”

“தாங்க முடியலைன்னாலும் நீ நிறுத்தாதே.”

நவால் ஜன்னலை விட்டு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“விடிஞ்சதும் தண்ணி கேட்டாங்க” என்று ஆரம்பித்தாள். “ஒரு ஸ்பூன்தான் குடிக்க முடிஞ்சுது.”